இளவேனிற் கடற்கரை

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் அமைந்த ஊர் தேவாரம். பங்குனி பிறந்ததும் அவ்வூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இலவங்காய்கள் முற்றி வெடிக்கும். வெண்பஞ்சு காற்றில் பறந்து வேலியிலும் வரப்பிலும் படியும். மாமரங்களில் பிஞ்சுகள் தொங்கும். சித்திரை இறுதியில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பள்ளத்தாக்கின் எல்லா ஊர்களிலிருந்தும் மக்கள் வண்டி வண்டியாகச் செல்வர். முல்லையாற்று நீரை மொண்டு சென்று அம்மன் திருமுன் நட்ட கம்பத்தில் ஊற்றுவர். இவையெல்லாம் அப்பகுதி மாணவர் நன்கு அறிந்தவை.

ஆனால், அதே சித்திரையில் தேவாரத்து மீன்கடையில் நிகழும் ஒரு மாற்றத்தை எத்தனை பேர் கருதிப் பார்த்திருப்பர்? பனிக்கட்டிப் பெட்டிகளில் வந்து இறங்கும் கடல்மீன் திடீரெனக் குறைந்துவிடும். வருவதும் விலை ஏறி வரும். அதன் இடத்தை வைகை அணையின் கட்லாவும் ரோகுவும் சிலேபிக் கெண்டையும் பிடித்துக்கொள்ளும். ‘இப்பொழுது கடல் மூடியிருக்கிறது’ என்று கடைக்காரர் சொல்வார். கடலுக்குக் கதவு உண்டா? அதனை மூடுபவர் யார்? எதற்காக மூடுகின்றனர்? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், நாம் ஆற்றின் வழியே கிழக்கு நோக்கிச் செல்ல வேண்டும்.

தேவாரத்துக்கும் கடலுக்கும் தொடர்பு இல்லை என்று நினைப்பது பிழை. அப்பகுதியின் ஓடைகள் முல்லையாற்றை நாடுகின்றன. பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1895-இல் திறக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீரும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து அவ்வாற்றிலேயே கலக்கிறது. முல்லையாறு தேனிக்கு அண்மையில் வைகையோடு சேர்கிறது. வைகையோ வருசநாட்டு மலைகளில் தோன்றி, 1959-இல் கட்டி முடிக்கப்பெற்ற அணையில் தங்கி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி ஆகிய ஊர்களைக் கடந்து, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை அடைகிறது. அக்கண்மாய் நிரம்பி மிகுந்தால் அந்த நீர் ஆற்றங்கரை என்னும் சிற்றூரின் அருகே பாக் நீரிணைக் கடலில் கலக்கும். ஏறத்தாழ 258 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாற்றின் பயணம் பெரும்பாலான ஆண்டுகளில் கண்மாயோடு முடிந்துவிடுகிறது. பங்குனியில் மதுரைக்குக் கீழே மணலைத்தான் காணலாம். ஆயினும் அக்கழிமுகத்தில் ஒரு காலத்தில் பெருந்துறைமுகம் இருந்தது. ஆற்றங்கரைக்கு அண்மையிலுள்ள அழகன்குளத்தில் 1986 முதல் தொல்பொருள் துறையினர் நிகழ்த்திய அகழாய்வுகளில் உரோமானியக் காசுகளும் அயல்நாட்டு மட்கலங்களும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்துள்ளன. மலைவளத்தைக் கடலுக்கும், கடல்வளத்தை மலைக்கும் கொண்டு சென்ற வழி அது.

அக்கடலின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். பாக் நீரிணைக் கடல் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. பெரும்பகுதியில் அதன் ஆழம் பதினைந்து மீட்டருக்கு மேற்படாது. 1763 முதல் 1767 வரை சென்னையின் ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. இராமேசுவரம் தீவு அதற்குத் தென்னெல்லை போல நீண்டு கிடக்கிறது. தீவின் தெற்கே மன்னார் வளைகுடா. ஒரே தீவின் இருபுறமும் இருவேறு கடல்கள்! அலை அடங்கிய வடகடலைப் ‘பெண் கடல்’ என்றும், சீறும் தென்கடலை ‘ஆண் கடல்’ என்றும் அங்குள்ளோர் வழங்குவர். தனுசுக்கோடி முனையில் நின்றால், ஒரு கையைக் குளம்போன்ற நீரிலும் மறு கையைக் குமுறும் நீரிலும் நனைக்கலாம் போல அவை அத்தனை அருகில் இருக்கும்.

எனினும் இவ்வேறுபாடு ஆண்டு முழுவதும் ஒருபடித்தாக இருப்பதில்லை. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று வீசும்பொழுது வடகடலே கொந்தளிக்கும். ஆனி தொடங்கிக் கச்சான் என்னும் மேல்காற்று வீசும்பொழுது தென்கடலில் படகு செலுத்துதல் அரிது. வாடை ஓய்ந்து, கச்சான் எழுமுன் உள்ள இடைக்காலமே இரு கடல்களும் அடங்கிக் கிடக்கும் காலம். மாசியின் பிற்பகுதி முதல் வைகாசி வரையில் உள்ள அந்த அமைதிக் காலத்தில்தான் அக்கரையில் விழாக்களும், விலங்குகளின் வரவும், மீனவர் வாழ்வின் பெரிய மாறுதலும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன.

முதலில் வருவது கச்சத்தீவுத் திருவிழா. 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவில் குடியிருப்போர் எவரும் இலர், குடிநீரும் இல்லை. அங்குள்ள ஒரே கோயில் புனித அந்தோணியாருக்கு உரியது. ஆண்டுக்கு ஒருமுறை, பிப்பிரவரி அல்லது மார்ச்சுத் திங்களில், இராமேசுவரத்திலிருந்து விசைப்படகுகளிலும் நாட்டுப்படகுகளிலும் மக்கள் குடும்பத்துடன் செல்வர். எதிர்க்கரையிலிருந்து நெடுந்தீவு, யாழ்ப்பாணம் முதலிய இடத்தார் வருவர். கொடியேற்றமும் சிலுவைப்பாதை வழிபாடும் தேர்ப்பவனியும் நடைபெறும். மறுநாட் காலைத் திருப்பலி முடிந்ததும் எல்லாரும் தத்தம் கரைக்குத் திரும்புவர். ஓரிரவு மட்டும் அந்த வெறுந்தீவு ஊராகி விடுகிறது.

1974-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டினால் கச்சத்தீவு இலங்கைக்கு உரியதாயிற்று. இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் திருவிழா பல ஆண்டுகள் தடைப்பட்டது. போர் முடிந்தபின் மீண்டும் தழைத்தது. ஆனால் 2024-இல், எல்லை கடந்து மீன்பிடித்தார்கள் என்று கூறித் தம்மவருக்கு இலங்கையில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து, இராமேசுவரத்து மீனவர் விழாவுக்குச் செல்லாது நின்றனர். இரு கரையாரும் ஒரே மொழி பேசுவோர். ஒரே தொழில் செய்வோர். ஒரே தேரை வடம் பற்றி இழுத்தவர்களிடையே இப்பிணக்கு ஏன் விளைந்தது? அதன் வேர் ஒரு வலையில் இருக்கிறது. அதனைச் சிறிது பின்னர்க் காண்போம்.

திருவிழாப் படகுகள் திரும்பும் நாட்களில் தனுசுக்கோடிக்குச் செல்லும் வழியிலுள்ள உப்பங்கழிகளில் மற்றோர் கூட்டம் புறப்பாட்டுக்கு ஆயத்தமாகிறது. அவை பூநாரைகள். நீண்ட கால்களை ஊன்றி, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி, சேற்றை அலசி உண்ணும் அப்பறவைகளின் சிறகில் காணும் செந்நிறம் அவை உண்ணும் சிற்றுயிர்களிலிருந்து பெறப்பட்டது. வெயில் ஏறிக் கழி வற்றத் தொடங்கியதும் அவை அகன்று விடுகின்றன. அவற்றோடு உள்ளான் முதலிய சிறு கரைப்பறவைகளும் வடக்கு நோக்கிப் பறக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் அவ்வுள்ளான்களிற் சில சைபீரியாவின் உறைபனி நிலம் வரை சென்று முட்டையிடுகின்றன என்றால் வியப்பன்றோ! பறவை அறிஞர் சாலிம் அலியின் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பறவைகளின் கால்களில் எண் பொறித்த வளையங்களை மாட்டி, அவை செல்லும் வழிகளை ஆராய்ந்தனர்.

பறவைகள் புறப்படும் அந்நாட்களிலேயே கடலிலிருந்து கரைக்கு வரும் விருந்தாளி ஒன்று உண்டு. அதன் பெயரே காலத்தைக் காட்டும். அது பங்குனி ஆமை. சிற்றாமை என்றும் அதனைக் கூறுவர்.

கடலில் வாழும் ஆமை இனங்களுள் இது சிறியது. ஆயினும் வளர்ந்த பெண் ஆமை நாற்பது கிலோ அளவு எடை இருக்கும். அது ஆண்டின் பெரும்பகுதியை ஆழ்கடலில் கழிக்கும். நண்டும், கரையோர மக்கள் ‘சொறி’ என்று அழைக்கும் இழுது மீனும் அதன் உணவுகளிற் சில. சொறி மிகுந்தால் வலையும் கெடும். மீனவர் உடலும் தினவெடுத்துப் புண்படும். அதனைத் தின்று குறைக்கும் ஆமை மீனவனுக்கு நண்பன் எனலாம்.

தை முதல் பங்குனி வரை, பெண் ஆமைகள் இரவில் கரையேறுகின்றன. நீரில் எளிதாக நீந்தும் உடல் மணலில் பெருஞ்சுமையாகிறது. துடுப்புப் போன்ற கால்களால் உந்தி உந்தி, அலை எட்டாத மேட்டை அடைந்ததும், பின்கால்களால் மணலைத் தோண்டுகிறது. குழியின் வாய் குறுகியும் அடி அகன்றும் குடுவை போல இருக்கும். கண்ணால் காணாமலே இவ்வளவு செப்பமாக எவ்வாறு தோண்டுகிறதோ! அக்குழியில் நூறு அல்லது நூற்றுக்குச் சற்று மேற்பட்ட முட்டைகளை இடும். முட்டைகள் வெண்மையாக, உருண்டையாக, ஓடு கெட்டிப்படாமல் தோல்போல் இருக்கும். பின்னர் மணலை மூடி, தன் உடலாலேயே தட்டித் தட்டி அமுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். அந்நேரத்தில் அதன் கண்களிலிருந்து நீர் வடியும். பிரிவுத் துயரால் அழுகிறது என்று சிலர் கூறுவர். உண்மையில் உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் வழி அது. கடலிலும் அந்நீர் சுரந்துகொண்டே இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை.

தாய் மீண்டும் வருவதில்லை. முட்டைகளைப் பொரிப்பது மணலின் வெப்பமே. நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். இங்கே ஓர் அதிசயம் உண்டு. முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பநிலையே உறுதி செய்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகும். குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். உலகம் மெல்ல மெல்லச் சூடேறிவரும் இக்காலத்தில் இச்செய்தி அறிஞர்களைக் கவலைக்குள்ளாக்கியுள்ளது.

குஞ்சுகள் ஒருங்கே மணலைக் கிளறி மேலே வந்ததும், ஒளி மிகுந்த திசை எதுவோ அதனை நோக்கி ஓடும். மின்விளக்குகள் இல்லாத காலத்தில் இரவில் ஒளி மிகுந்தது கடற்பரப்பே. இன்றோ கரையோரச் சாலையின் விளக்கும் விடுதியின் விளக்கும் அவற்றை நிலத்தின் பக்கம் இழுத்து, நாய்க்கும் காக்கைக்கும் இரையாக்குகின்றன. கடலை அடைந்தவற்றையும் பெருமீன்கள் விழுங்கும். ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து தாயாகிறது என்பர். அவ்வாறு வளர்ந்தது, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், தான் பிறந்த கரைப்பகுதியையே நாடி வரும்.

முன்னாளில் இக்கரைகளில் ஆமை இறைச்சியும் முட்டையும் விலைப்பொருள்களாக இருந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடலாமைகளைக் காக்க வழிசெய்தது. இன்று தனுசுக்கோடி முதலிய இடங்களில் வனத்துறைக் காவலர் விடியுமுன் கரை நெடுக நடந்து, ஆமையின் கால்தடத்தைக் கண்டு, முட்டைகளை எடுத்துச் சென்று, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கின்றனர். பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடும்பொழுது அண்டையிலுள்ள பள்ளி மாணவர்களும் வந்து காண்பதுண்டு. சென்னையில் 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று, இரவு இரவாகக் கரையில் நடந்து இப்பணியைத் தொண்டாகச் செய்து வருகிறது. கையளவும் இல்லாத அக்குஞ்சு முதல் அலையில் புரண்டு, மீண்டும் எழுந்து, மறையும் காட்சியை நேரில் காண்பதற்கு ஒப்பாக நூலில் எழுதிவிட முடியாது.

ஆயினும் முட்டையைக் காத்தால் மட்டும் போதுமா? 2025-ஆம் ஆண்டு சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. அவை முட்டையிட வந்தவை. ஆமைக்குச் செவுள் இல்லை; நுரையீரல்தான் உண்டு. நீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கவேண்டும். இழுவை வலையில் சிக்கி மேலே வர இயலாமற் போனால் அது நீரிலேயே மூச்சடைத்து இறக்கும். நீரில் வாழும் உயிர் நீரில் மூழ்கி இறத்தல்!

முன்னே கூறிய வலைக்கு இப்பொழுது வருகிறோம். இழுவைமடி என்பது பை போன்ற பெரிய வலை. அதன் வாயை அகலத் திறந்து வைக்கக் கனத்த பலகைகள் உண்டு. விசைப்படகு அதனைக் கடலடியில் இழுத்துச் செல்லும். வழியிலுள்ள இறால், நண்டு, காரல், திருக்கை, மீன்குஞ்சு, சிப்பி, கடற்புல் யாவும் பைக்குள் போகும். 1950களில் கேரளத்தில் நடைபெற்ற இந்திய நார்வே மீன்வளத் திட்டத்தின் பின், இறாலுக்கு அயல்நாட்டில் நல்ல விலை கிடைத்ததால், இழுவைப் படகுகள் தமிழகக் கரையிலும் பெருகின. நாட்டிற்குப் பெரும் வருவாய் கிடைத்தது; பல குடும்பங்கள் ஓலைக்குடிசையிலிருந்து ஓட்டுவீட்டுக்கு வந்தன. அதனை மறுக்கவியலாது. ஆனால் ஆழமற்ற பாக் நீரிணைக் கடலில் இவ்வலை இழுப்பது, விதை முளைக்குமுன் வயலை மீண்டும் மீண்டும் உழுவதை ஒக்கும். கடல் வற்றாத சுரங்கம் என்ற எண்ணம் பொய்யாயிற்று. தன் பங்குக் கடலில் மீன் குறையவே, படகுகள் எல்லைக்கோட்டைத் தாண்டின. எதிர்க்கரைத் தமிழ் மீனவர் சிறு படகில் விரித்த வலைகளை இவ்விசைப்படகுகள் அறுத்துச் செல்கின்றன என்பது அவர்களுடைய முறையீடு. 2017-இல் இலங்கை தன் கடலில் இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. கைதும் படகுப் பறிமுதலும் இருபுறத்திலும் பல குடும்பங்களைக் கலங்கச் செய்துவருகின்றன. நம் கரையிலேயே நாட்டுப்படகினருக்கும் விசைப்படகினருக்கும் பூசல் வந்தமையால், பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாட்கள் விசைப்படகுக்கும் நான்கு நாட்கள் நாட்டுப்படகுக்கும் என்று வகுத்துக்கொண்டனர். கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகு மீன்பிடித்தலை 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விலக்கியது. இழுவைப்படகுகளை ஆழ்கடலுக்கு ஏற்ற படகுகளாக மாற்றும் திட்டம் ஒன்றும் 2017-இல் தொடங்கப்பெற்றது. கரையோரத்தில் பழகியவர் பல நாட்கள் நடுக்கடலில் தங்கித் தொழில் செய்வது அத்துணை எளிதன்று, செலவும் பெரிது. ஆகவே அம்மாற்றம் நினைத்த விரைவில் நிகழவில்லை.

இவ்வாறு களைத்த கடலுக்கு ஓய்வு அளிக்கும் ஏற்பாடே, தேவாரத்துக் கடைக்காரர் கூறிய ‘மூடுதல்’. மீன்கள் பெருகும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்று 2001 முதல் தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் தடை விதிக்கப்படுகிறது. தொடக்கத்தில் அது 45 நாட்களாக இருந்தது. 2017 முதல் ஏப்பிரல் 15 தொடங்கி சூன் 14 முடிய 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. நம் நாட்காட்டியில் பார்த்தால், புத்தாண்டுக்கு மறுநாள் தொடங்கி வைகாசியின் கடைசி நாளில் முடிகிறது. முன்னோர் இளவேனில் என்று வகுத்த இரு திங்களும் கடலுக்கு விடுமுறையாக அமைந்தது தற்செயலேயாயினும் பொருத்தமானது.

தடை தொடங்கிய அன்று காலையில் இராமேசுவரம், பாம்பன், மண்டபம் ஆகிய துறைகளில் விசைப்படகுகள் வரிசை வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பின்னர் அவற்றைக் கரையேற்றி, அடிப்பலகையில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, பிளவுகளை அடைத்து, வண்ணம் பூசுவர். பொறிகளைப் பிரித்துச் செப்பனிடுவர். மரநிழலில் முதியோர் அமர்ந்து வலை முடிவர். அவர் விரல்கள் வேலை செய்ய, வாய் பழங்கதை பேசும். படகுரிமையாளருக்கு இது செலவு செய்யும் காலம். கூலிக்குக் கடல் செல்வோருக்கோ வரவில்லாத காலம். அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. அது குடும்பம் நடத்தப் போதவில்லை என்பது அவர்கள் குறை. மேற்குக் கரையில் தடைக்காலம் சூன் திங்களில்தான் தொடங்குகிறது. ஆதலின் சிலர் அதுவரை கேரளத்துப் படகுகளில் வேலை தேடிச் செல்வர். பள்ளி விடுமுறையில் தந்தையைக் கரையில் காணும் மகிழ்ச்சி பிள்ளைகளுக்கு. அடுத்த மாதம் பள்ளிச் செலவுக்கு என் செய்வது என்னும் எண்ணம் தாய்மாருக்கு.

நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. வத்தையும் வள்ளமும் வழக்கம்போற் செல்லும். பெரிய படகுகள் இல்லாத கடலில் அவற்றுக்கு நல்ல மீன் கிடைக்கும். நல்ல விலையும் கிடைக்கும். கரைவலை இழுப்போர் பாட்டொலிக்கு ஏற்பக் கால் ஊன்றிக் கயிறு இழுப்பர். நெத்திலி, சூடை, முரல், கிழக்கன் என்று கூடைகளில் பிரித்து, பெண்கள் கரையிலேயே விலை பேசி முடிப்பர். தேவாரத்துக்கு அந்நாட்களில் வந்து சேரும் சிறிதளவு கடல்மீனிலும் இச்சிறு படகுகளின் பங்கு உண்டு.

பாம்பன் தீவின் பெண்களுள் பலர் மீன் விற்பவர் மட்டும் அல்லர். கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுப்பவரும் ஆவர். கண்ணுக்குக் கண்ணாடியும், கைவிரல்களில் துணிச் சுற்றும், காலில் செருப்பும் அணிந்து, இடுப்பில் பை கட்டி, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி எடுப்பர். அகர் என்னும் கூழ்ப்பொருள் அதிலிருந்து ஆக்கப்படுகிறது. அப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றதனால், இவர்கள் தொழிலுக்கும் வனச்சட்டத்துக்கும் முரண்பாடு நேர்ந்தது. அப்பொழுது அப்பெண்கள் தாமே கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் பாசி எடுப்பதில்லை என்றும், இளவேனிலில் பாசி தழைக்கும் காலத்தில் அறவே எடுப்பதில்லை என்றும் கட்டுப்பாடு செய்துகொண்டனர். வேருடன் பறிக்காமல் நுனியைக் கிள்ளும் வழக்கமும் அவர்களுடையது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்னும் பாசி எடுக்கும் பெண்மணிக்கு, தீவுகளின் வளம் காப்போருக்கு அளிக்கப்படும் சீகாலஜி என்னும் பன்னாட்டுப் பரிசு 2015-இல் வழங்கப்பட்டது. படகுகளுக்கு அரசு விதித்த விடுமுறையினும், கூலிக்குப் பாடுபடும் மகளிர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட இவ்விடுமுறையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இழுவைமடி ஓய்ந்த நாட்களில் கடலடியில் நிகழ்வதை நாம் காணவியலாது, ஆனால் ஊகிக்கலாம். பாக் நீரிணையின் அடித்தரை வெறும் மணல் அன்று. அங்கே புல்வெளிகள் உண்டு. கடற்புல் என்பது பாசி அன்று; வேரும் பூவும் உடைய உண்மையான தாவரம். இறாற்குஞ்சும் ஓரா மீனும் அதனுள் ஒளிந்து வளரும். அதனை மேயும் பேருயிர் ஒன்றும் உண்டு. கடற்பசு என்று நூல்கள் கூறும். மீனவர் ஆவுளியா என்பர். அது மீன் அன்று; குட்டிக்குப் பாலூட்டும் விலங்கு. மூச்சு விடச் சில நிமிடங்களுக்கொரு முறை மேலே வரும். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோ புல் மேயும். எழுபது ஆண்டு வரை வாழும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் ஈனும். ஆதலின் ஒன்றை இழந்தாலும் ஈடு செய்வது அரிது. முன்னர் அதன் இறைச்சிக்காக வேட்டையாடினர். இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற் பாதுகாப்பகம் அது. வலையில் அகப்பட்ட ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலில் விடுவித்த மீனவர்களை வனத்துறை பரிசளித்துச் சிறப்பித்து வருகிறது. வலை மீனவனின் முதல் என்பதை நினைத்தால், அதனை அறுக்கும் கத்தியின் விலை விளங்கும்.

இக்கடலின் மீன்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, 1947-இல் நிறுவப்பெற்று நெடுங்காலம் மண்டபத்தில் தலைமையிடம் கொண்டிருந்த மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரின் உழைப்பால் கிடைத்தது. 1971-இல் தலைமையிடம் கொச்சிக்கு மாறியது. மண்டபத்தில் அதன் வட்டார நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு மீனும் ஒரே காலத்தில் சினைப்படுவதில்லை. எனவே இரு திங்கள் தடையே எல்லா மீனுக்கும் ஏற்ற பருவம் என்று கூறிவிட முடியாது. தடை நீங்கிய முதல் நாளிலேயே எல்லாப் படகுகளும் ஒருங்கே பாய்ந்து, அறுபது நாள் சேர்ந்ததைச் சில நாட்களில் வாரி விடுகின்றன என்று நாட்டுப்படகு மீனவர் கூறுவதிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டு மாத ஓய்வுகூட இல்லாத கடல் எந்நிலையை அடையும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வைகாசி முடியும் தறுவாயில் துறைகளில் மீண்டும் ஆரவாரம் எழும். பனிக்கட்டி ஏற்றிய வண்டிகள் வரும். டீசல் நிரப்புவர், வலைகளை அடுக்குவர், பொறிகளை முடுக்கிப் பார்ப்பர். அதே நாட்களில் கச்சான் மெல்ல வீசத் தொடங்கித் தென்கடல் வெண்ணுரை கக்கும். அக்காற்றுத்தான் மலையாளக் கரையில் மழையாகி, பெரியாற்று அணையை நிரப்புவது. அணையில் நீர் போதிய அளவு இருப்பின், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நெல்வயல்களின் முதற்போகத்துக்குச் சூன் தொடக்கத்தில் மதகு திறக்கப்படும். தேவாரத்து மலைமுகடுகளில் மேகம் தங்கும். உழவர் நாற்றங்காலை நோக்கி நடப்பர்.

ஆனி பிறந்ததும் படகுகள் புறப்பட்டுச் செல்லும். அவை கரை திரும்பிய ஓரிரு நாட்களில், பனிக்கட்டிப் பெட்டிகள் மதுரை வழியாக மேற்கே வந்து தேவாரத்துக் கடைகளில் இறங்கும். வைகை கடலுக்குச் செல்லும் வழியின் பெரும்பகுதியை ஒட்டியே, எதிர்த்திசையில், அம்மீன் வருகிறது.